குன்றக்குடியிலிருந்து பழனி வரை போன் அணையாமல் நடக்க

தைப்பூச நடைக்கு ஆள் சேரும்போது, காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்று என்னிடம் கேட்ட காலம் போய்விட்டது. இப்போது வருகிற முதல் கேள்வி, "ஆச்சி, எந்த பவர் பேங்க் வாங்கலாம்?" குன்றக்குடியில் கிளம்பித் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று பழனி போய்ச் சேர ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காவடியோடு நடக்கிறவர்களுக்கு ஒரு வாரத்தை ஒட்டி ஆகும். இந்த வழியில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது, திரும்பின பக்கமெல்லாம் அன்னதானம். பிளக் பாயிண்டுக்குத்தான் அடிதடி.

பவர் பேங்க் 10000 எம்.ஏ.எச். போதும். 20000 வாங்கினால் எடையும் கிட்டத்தட்ட இரட்டிப்பு, அதைச் சுமக்கப்போவது கடைக்காரர் இல்லை. ஆனால் 10000 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில் சொல்வது. போனுக்கு 5 வோல்ட்டாக மாறி வரும்போது சூட்டிலும் கொஞ்சம் போய், கையில் நிற்பது 6000, 6500தான். பின்பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பொடி எழுத்தில் உண்மையைப் போட்டிருப்பார்கள். 5000 பேட்டரி உள்ள போனுக்கு ஒரு முறை முழுசாக ஏற்றலாம், அதற்கு மேலும் கொஞ்சம் ஏறும். அந்தப் பொடி எழுத்துக்குப் பக்கத்திலேயே பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதுகில் சூரியத் தகடு ஒட்டிய பவர் பேங்க் வேண்டாம். உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலிலேயே ஓரிரண்டு வாட்தான் தரும். 10000 என்பது 37 வாட்‑அவர். ஒரு வாட் வீதம் ஏறினால் 37 மணி நேர வெயில் வேண்டும், வெயிலில் வெந்ததுதான் மிச்சம்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து நடைக்கு வருகிற பிள்ளைகள் சதுரப் பின் சார்ஜரோடு வந்து இறங்கும். நம் உருண்டை ஓட்டையில் அது நுழையாது. திருச்சியில் இறங்கிய கையோடு இங்கத்திய சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்‑அவர் வரை தனி அனுமதி தேவையில்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவு எல்லாவற்றையும் நிறைத்து வைக்க வேண்டுமே, அதற்கு எங்கள் ஊர்ப் பழைய செட்டிநாட்டு வீடுகளில் ஒரு யோசனை தேவை. பட்டாலைக் கூடத்தில் தலைக்கு மேல் உயரத்தில் பழைய காலத்து சுவிட்ச் பலகை இருக்கும். அதன் ஓட்டை தேய்ந்து, சார்ஜர் பின் ஆடிக்கொண்டே நிற்கும். ஆடினால் சூடேறும், சில நேரம் பொறியும் பறக்கும். போனை அந்த உயரத்தில் தொங்கவிடவும் வேண்டாம். பின்னால் புதிதாக வயரிங் செய்த அறையிலிருந்து நல்ல ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்தச் சுவர்களின் கனத்துக்கு உள்ளறையில் டவர் கிடைக்காது. போன் ராத்திரி முழுக்க டவரைத் தேடியே பேட்டரியைத் தின்னும். வளவுப் பக்கம், அதாவது நடு முற்றத்தில், வானம் தெரிகிற இடமாகப் பார்த்து வைத்தால் அந்த வீண்செலவு இல்லை.

சரி, நடைக்கு வருவோம். எல்லோரும் ராத்திரி தங்குமிடத்தில் சார்ஜ் போடப் பார்ப்பார்கள். ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அதைச் சுற்றி இருபது பேர், "டைப் சி இருக்கா ஆச்சி?" என்று குரல்கள். பிடித்துப் பிடித்து ஒரு இடம் வாங்கிப் போட்டுவிட்டுப் படுத்தாலும், விடியுமுன் எழுந்து பார்த்தால் நம் போன் தரையில் கிடக்கும், நம் சார்ஜரில் யாருடையதோ ஏறிக்கொண்டிருக்கும். சண்டை போடவும் முடியாது, மாலை போட்டிருக்கிறோம்.

அதனால் என் வழக்கம், போனுக்கு மதியம், பவர் பேங்குக்கு ராத்திரி. வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்குவோம், சாப்பிட்டதும் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிடுவார்கள். பிளக் காலியாக இருக்கும். அப்போது போனைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும், அதற்கு மேல் நத்தைதான். 80இல் எடுத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுங்கள், பேட்டரிக்கும் அதுதான் நல்லது. பவர் பேங்க் நிறைய மூன்று நான்கு மணி நேரமாவது வேண்டும், அதனால் அதற்கு ராத்திரி. நடுவில் யாராவது பிடுங்கினாலும் போன் நம் தலைமாட்டில்தானே இருக்கிறது.

நடக்கும்போது போனை அதிகம் தின்பது பேச்சு இல்லை, டவர்தான். நத்தம் தாண்டி மலையோரமாகப் போகையில் சிக்னல் வந்து வந்து போகும். அங்கே விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, மணிக்கு ஒரு தரம் திறந்து பார்த்தால் போதும். 5ஜியை அணைத்து 4ஜியில் வையுங்கள். காவடியாட்ட வீடியோ எடுக்கலாம், ஆனால் அங்கே நின்றே அனுப்பாதீர்கள். ஊருக்குள் வந்து, டவர் முழுசாக இருக்கும்போது அனுப்புங்கள். விடிகாலை இருட்டுக்குப் போன் வெளிச்சம் வேண்டாம், சின்ன டார்ச் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் வருவார். (வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அதே ஆராய்ச்சி நிலையம்தான். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நம்மூரிலேயே நடக்கிறது, நாம் ஊர் ஊராகப் பிளக் தேடுகிறோம்!) அவர் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: லித்தியத்துக்குச் சூடு ஆகாது. சாமான் வண்டியின் கண்ணாடி ஓரத்தில் போனை வைக்காதீர்கள். பைக்குள் துணியில் சுருட்டி வைத்துக்கொண்டு சார்ஜ் ஏற்றாதீர்கள். கை வைத்தால் சுடுகிறது என்றால் கேபிளைக் கழற்றி ஆறவிடுங்கள்.

திருநீற்றுப் பொட்டலத்தையும் போனையும் ஒரே பையில் போடுகிறவர்களுக்கு இது. வழியெல்லாம் கொடுக்கும் திருநீறு சார்ஜ் ஓட்டைக்குள் இறங்கி, பனியும் வியர்வையும் சேர்ந்து அடியில் கெட்டியாகிவிடும். கேபிளின் முனை கடைசி வரை உள்ளே போகாது, சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கும். கேபிள் போச்சு என்று புதுசு வாங்க ஓடுவார்கள். போனை அணைத்துவிட்டு, காய்ந்த மரப் பல்குத்தியால் அடியை மெதுவாகச் சுரண்டித் தட்டினால் வெள்ளைத் தூளாக உதிரும். ஊசி வேண்டாம், ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும். பனியில் நனைந்திருந்தால் நன்றாகக் காயும் வரை சார்ஜ் போடவே கூடாது.

பழனியில் மலைமேல் போன் கொண்டுபோக 2023 அக்டோபரிலிருந்து தடை. அடிவாரத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டுக் கொடுங்கள், திரும்பி வந்து ஆளைத் தேட அந்தச் சார்ஜ் வேண்டியிருக்கும். பிரிந்து போனால் எந்த இடத்தில் நிற்பது என்பதையும் போனைக் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.