நூல் விற்கப் போகிறவர் பார்ட்டியிடம் செய்யக் கூடாத தவறுகள்

திருப்பூரில் பார்ட்டிகளுக்கு, அதாவது பனியன் கம்பெனிகளுக்கு, நூல் விற்கப் போகிறவர் செய்யும் முதல் தவறு, சனிக்கிழமை போவது. அங்கே வாரச் சம்பளம். அன்று மதியத்துக்கு மேல் சம்பளம் போடுவதுதான் வேலை. அந்த நேரத்தில் நிலுவை கேட்டுப் போய் நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும். மாதப் பிறப்பும் அப்படித்தான். மில்கள் பெரும்பாலும் அப்போதுதான் புது விலை சொல்லும். விலை ஏறிய அன்றே போனால், ஏற்றியதே நீங்கள்தான் என்கிற மாதிரி பேச்சு விழும். அதற்காக அந்த மாதம் முழுக்கத் தலைகாட்டாமல் இருக்காதீர்கள், அது இன்னும் மோசம்.

நிறையப் பேர் சறுக்குவது புகாருக்குப் போகும்போது. சாயம் போட்ட துணியில் பட்டை பட்டையாகக் கோடு தெரிகிறது என்று போன் வரும். ஆபீஸில் உட்கார்ந்ததும், "எங்க நூல்ல அப்படி வராதுங்க" என்று ஆரம்பித்து நான் ஒரு நல்ல பார்ட்டியை இழந்திருக்கிறேன். தப்பு எங்கள் பக்கம்தான். ஒரே லோடில் இரண்டு லாட் கோன்கள், அதாவது மில்லில் வெவ்வேறு தொகுதியாக ஓட்டிய நூல் சுற்றிய கூம்புகள், கலந்து போயிருந்தன. பஞ்சுக் கலவை மாறினால் இரண்டு லாட்டும் சாயத்தை ஒரே மாதிரி வாங்காது. சாயம் போடாத கிரே துணியில் ஒன்றும் தெரியாது, சாயத்துக்குப் பிறகுதான் பல்லிளிக்கும்.

அதனால் வாயைத் திறக்கும் முன் துணியைப் பாருங்கள். அப்புறம் நிட்டிங் ஓட்டிய இடத்துக்கே போய், மிச்சக் கோன்களின் ஸ்டிக்கரில் லாட் நம்பரையும் கவுண்டையும் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) போட்டோ எடுங்கள். மெஷினுக்கு நூல் ஊட்டும் ஃபீடர்களில் ஒன்றில் மட்டும் நூலின் இழுவை மாறியிருந்தாலும் பட்டை விழும். நிட்டிங் ஓரிடம், சாயம் வேறோரிடம் என்று கூலிக்கு ஜாப் ஒர்க் நடக்கும் ஊர் இது. யார் மேல் தப்பு என்று ஆபீஸ் நாற்காலியில் இருந்து சொல்ல முடியாது. மில்லைக் கேட்காமல் "கிரெடிட் நோட் போட்டுடலாங்க" என்று, அதாவது பில்லில் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று, சொல்லிவிட்டு வருவதும் வேண்டாம்.

பக்கத்துக் கம்பெனி என்ன விலைக்கு எடுக்கிறது என்று பார்ட்டியே கேட்பார். சொல்லாதீர்கள். நம் விலையும் இப்படித்தான் வெளியே போகும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிடுவார்.

கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொல்லும் ஆர்டரை மனசில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மூட்டை, என்ன கவுண்ட், கோம்டா (குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல்) கார்டடா (அப்படிச் சீவாதது), விலை, எத்தனை நாள் கெடு என்று வண்டியை எடுப்பதற்கு முன்பே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.