துருவைத் தடுக்கும் பாலிஅனிலின் பூச்சு: முதல் முயற்சிக்கு ஒரு வழிகாட்டி

சாதாரணப் பெயின்ட் தண்ணீரையும் காற்றையும் மறித்து நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு கீறல் விழுந்தால் துரு அங்கே நுழைந்து பூச்சுக்கு அடியிலேயே பரவுகிறது. மின்கடத்தும் பாலிமரான (நீண்ட சங்கிலி மூலக்கூறான) பாலிஅனிலின் இரும்போடு எலக்ட்ரான் பரிமாறி, தொடும் இடத்தில் இறுக்கமான ஆக்சைடு படலம் உருவாகத் துணைசெய்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்தகைய பூச்சுகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதை வீட்டில் செய்யக் கூடாது. பாலிஅனிலினுக்கு மூலப்பொருளான அனிலின் சேர்மங்கள் தோல் வழியாகவே உடலுக்குள் சென்று நஞ்சாகும். கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் பார்வையில் செய்யுங்கள்.

முதலில் பாலிஅனிலின் பொடி. அனிலின் ஹைட்ரோகுளோரைடு 2.59 கிராமை நீரில் கரைத்து 50 மில்லி ஆக்குங்கள். அமோனியம் பெர்சல்ஃபேட் 5.71 கிராமையும் அப்படியே தனியாகக் கரையுங்கள். இரண்டையும் கலந்தால் சில நிமிடங்களில் நீலம் படர்ந்து பச்சையாக மாறும், கலவை சூடேறும். அதனால் அளவைப் பெருக்க வேண்டாம். மறுநாள் வடிகட்டிப் பொடியை எடுங்கள்.

இந்தப் பச்சைப் பொடியில் குளோரைடு இருக்கிறது. இரும்புக்கு அதுவே பகை. நீர்த்த அமோனியாவில் சில மணி நேரம் கலக்கினால் பொடி கருநீலமாகும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவுங்கள். கழுவிய நீரில் சிறிது நைட்ரிக் அமிலமும் ஒரு துளி வெள்ளி நைட்ரேட்டும் விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். உலர்த்தி, மாவாக அரையுங்கள். கட்டிகள் தங்கினால் பூச்சில் அவற்றின் ஓரமாகவே நீர் இறங்கும்.

இரண்டு மென்னெஃகுத் தகடுகளை 220, 400, 600 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். அதன்பின் விரல் படக் கூடாது. நல்ல பூச்சும் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் நிற்காது.

100 கிராம் எபாக்சிப் பிசினுக்கு 1 கிராம் பொடி போதும். நன்றாகக் கலந்தபின் பிசினை இறுகச்செய்யும் ஹார்டனரைச் சேர்த்து ஒரு தகட்டில் பூசுங்கள். மற்றதில் பொடி சேர்க்காத எபாக்சியை அதே தடிமனில் பூசுங்கள். இந்த இரண்டாவது தகடு இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு வாரம் காய்ந்ததும் விளிம்புகளை மெழுகால் மூடி, இரண்டிலும் உலோகம் தெரியும்வரை பெருக்கல் குறி கீறுங்கள்.

965 மில்லி நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, தகடுகளை அதில் நிறுத்துங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில் படமெடுங்கள். கீறலுக்குள் எவ்வளவு துரு என்பதைவிட, அதன் இருபுறமும் பூச்சு எத்தனை மில்லிமீட்டர் உரிந்திருக்கிறது என்பதையே அளந்து குறியுங்கள். பாலிஅனிலின் தகடு அதிகமாக உரிந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கழுவியதைத்தான். பொடியில் குளோரைடு மீந்திருக்கலாம்.