மழையில் லைன் போனாலும் லைவ் நிற்கக் கூடாது: குமரியிலிருந்து கேம் ஸ்ட்ரீமிங் தொடங்குகிறவர்களுக்கு

கேம் ஆடி லைவ் போட்டுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது வண்ண விளக்கு, கேமரா, விலை கூடிய மைக். நம் மாவட்டத்தில் லைவைக் கெடுப்பது வேறு. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. தென்னை மடல் விழுந்து ஃபைபர் அறும், கரண்ட் போகும், பார்த்துக்கொண்டிருந்த பதினைந்து பேரும் கலைந்துவிடுவார்கள். அதனால் இதில் இரண்டு விஷயங்களைத்தான் விரிவாகச் சொல்கிறேன்: லைவ் அறாமல் ஓடுவதற்கு என்ன செய்யவேண்டும், வந்த காசு உங்கள் பாஸ்புக்கில் ஏற என்ன செய்யவேண்டும். சேனல் திறப்பது, சாஃப்ட்வேர் நிறுவுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

எங்கே, எவ்வளவு நாளில்

யூடியூபில் தொடங்குங்கள். ட்விட்ச் நல்ல தளம்தான், ஆனால் தமிழில் பேசினால் கேட்க ஆள் இருப்பது யூடியூபில். முதல் முறை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே முந்தின நாளே போன் எண்ணைச் சரிபார்த்துத் திறந்து வையுங்கள். தனியாக லைவ் போட வயது 16 ஆகியிருக்கவேண்டும். பணம் வாங்கும் ஆட்சென்ஸ் கணக்குக்கு 18. அதற்குக் கீழே என்றால் அப்பா அல்லது அம்மா பெயரில் கணக்கு.

காசு இரண்டு கட்டமாகத் திறக்கும். 500 சந்தாதாரர், கடைசி 90 நாளில் 3 வீடியோ, 12 மாதத்தில் 3,000 மணி நேரப் பார்வை இருந்தால் சூப்பர் சாட்டும் (காசு கட்டி லைவ் சாட்டில் போடும் செய்தி) மெம்பர்ஷிப்பும் (மாதச் சந்தா) கிடைக்கும். அதில் 70 சதவீதம் உங்களுக்கு. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 4,000 மணி நேரமும் வேண்டும். அதில் பங்கு 55 சதவீதம்.

3,000 மணி நேரம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக 10 பேர் மூன்று மணி நேரம் பார்த்தால் ஒரு லைவுக்கு 30 மணி நேரம். அப்படி 100 லைவ். வாரம் நான்கு நாள் போட்டால் ஏறக்குறைய ஆறு மாதம். வேலையை விட்டுவிட்டு இறங்குகிற விஷயம் இது இல்லை. சாயங்காலத்து உபரி வருமானமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் செய்யும் தப்பு ஒன்று: லைவ் முடிந்ததும் "சரியாக வரவில்லை" என்று அந்த வீடியோவை அழிப்பது, அல்லது பிரைவேட் ஆக்குவது. அதோடு அந்த மணி நேரமும் கணக்கிலிருந்து போய்விடும். எவ்வளவு சுமாராக இருந்தாலும் பப்ளிக்காகவே கிடக்கட்டும்.

ஓபிஎஸ் அமைப்பு

கணினியிலிருந்து லைவ் அனுப்பும் சாஃப்ட்வேருக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும். இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. அதன்மேல் அலங்காரம் சேர்த்து வரும் மற்ற சாஃப்ட்வேர்கள் பழைய லேப்டாப்பை மூச்சு முட்டவைக்கும்.

பிட்ரேட், அதாவது விநாடிக்கு எவ்வளவு டேட்டா அனுப்புவது என்பதை வைக்கும் முன் அப்லோட் வேகத்தைப் பாருங்கள். திட்டத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பவேண்டாம். நீங்கள் லைவ் போடப்போகும் அதே இரவு நேரத்தில், லேன் கேபிளை லேப்டாப்பில் செருகி, மூன்று நாள் சோதியுங்கள். அதில் மிகக் குறைந்த எண் எதுவோ, அதில் பாதிக்கு மேல் பிட்ரேட் போகக் கூடாது. 10 எம்பிபிஎஸ் வந்தால் 4,000 கேபிபிஎஸ் வைக்கலாம். 5 தான் வருகிறது என்றால் 2,500.

மற்றவை: வெளியீடு 1280×720, 30 ஃப்ரேம், ரேட் கண்ட்ரோல் சிபிஆர், கீஃப்ரேம் இடைவெளி 2 விநாடி, ஆடியோ 160. படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடருக்கு, என்விடியா கார்டு இருந்தால் என்வென்க், இல்லாவிட்டால் இன்டெல் குயிக் சிங்க். எக்ஸ்264 என்கோடர் பிராசசரைத் தின்னும். கேமும் அதே பிராசசரில்தான் ஓடுகிறது. 4,000 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேர லைவுக்கு ஏறக்குறைய 1.9 ஜிபி போகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

1080 வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். போன் திரையில் பார்க்கிறவருக்கு 720-க்கும் அதற்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. படம் சுற்றிக்கொண்டே நின்றால் தெரியும்.

படம் கறுப்பாக வந்தால்: இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில், கேம் ஒன்றிலும் ஓபிஎஸ் இன்னொன்றிலும் ஓடும். கேமை மட்டும் பிடிக்கும் கேம் கேப்சர் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் போய், ஓபிஎஸ்ஸையும் கேம் ஓடும் கார்டுக்கு மாற்றுங்கள். முழுத் திரையைப் பிடிக்கும் டிஸ்ப்ளே கேப்சர் என்றால் நேர்மாறு, ஓபிஎஸ்ஸைப் பவர் சேவிங் பக்கம் வைக்கவேண்டும். முடிந்தவரை கேம் கேப்சரே போடுங்கள். திரையில் வாட்ஸ்அப் செய்தி வந்தாலும் லைவில் தெரியாது.

போன் கேம் ஆடுகிறவர்களுக்கு: எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் (scrcpy) என்ற சாஃப்ட்வேரைத் தேடி இறக்குங்கள். இலவசம். போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்து, கேபிளைச் செருகினால் போன் திரை கணினியில் வரும். வரவில்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிள்களில் டேட்டா போகாது. ஒலி வர ஆண்ட்ராய்டு 11 வேண்டும். ஒலி கணினிக்குப் போகும்போது போனில் அடங்கிவிடும், ஆகவே ஹெட்செட்டைக் கணினியில் மாட்டுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் இரண்டு பக்கமும் கேட்கும்படி வைக்கலாம். துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவர்களுக்குக் காலடிச் சத்தம் தாமதமாகக் கேட்டால் பிழைக்க முடியாது, அவர்களுக்குப் போனிலேயே ஒலி கேட்பது முக்கியம்.

லைன் அறுந்தால்

இங்கேதான் நிதானமாகப் படிக்கவேண்டும்.

லைன் பத்து விநாடி போய்த் திரும்பினால் ஓபிஎஸ் தானாகவே மறுபடி இணையும். அட்வான்ஸ்டு பகுதியில் ஆட்டோமேட்டிக் ரீகனெக்ட் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். இருந்தும் லைவ் முடிந்துபோகிறதே, ஏன்? யூடியூப் பக்கத்தில் லைவ் கண்ட்ரோல் ரூமில் ஆட்டோ ஸ்டாப் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால், உங்கள் பக்கத்திலிருந்து படம் வராதபோது யூடியூப் "ஆள் கிளம்பிவிட்டார்" என்று முடிவுகட்டி லைவை மூடிவிடும். லைன் திரும்பினாலும் அது புது லைவ், புது லிங்க். பழைய லிங்க்கில் காத்திருப்பவருக்கு நீங்கள் திரும்பி வந்ததே தெரியாது.

ஆகவே ஒவ்வொரு லைவையும் முன்கூட்டியே ஷெட்யூல் செய்து, ஆட்டோ ஸ்டாப்பை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினாலும் அதே லிங்க், அதே சாட். ஒன்றே ஒன்று மறக்கக் கூடாது: ஆட்டம் முடிந்ததும் ஓபிஎஸ்ஸை நிறுத்தினால் மட்டும் போதாது, யூடியூப் பக்கத்திலும் எண்ட் ஸ்ட்ரீம் அழுத்தவேண்டும்.

அதே அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசலுக்கு ஏற்ப பிட்ரேட்டைத் தானாக மாற்றும் வசதியையும் டிக் செய்யுங்கள். லைன் திணறும்போது படம் கொஞ்சம் மங்கும், நிற்காது.

கரண்ட் போனால் லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். என்னைக் கேட்டால், மைக்குக்கும் முன்னால் வாங்கவேண்டிய பொருள் அதுதான். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். ஃபைபர் வந்து இறங்கும் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டு வெளியீடு உள்ள யூபிஎஸ் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது. ஃபைபரே அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி, பிட்ரேட்டை 1,500-க்குக் குறைத்து, அதே ஸ்ட்ரீம் கீயில் (ஓபிஎஸ்ஸை உங்கள் லைவோடு இணைக்க யூடியூப் தரும் குறியீடு) மறுபடி தொடங்குங்கள்.

இடி இடித்தால் கதை வேறு. கண்ணாடி இழை மின்னலைக் கொண்டுவராது என்பது சரிதான், ஆனால் அடாப்டர் செருகியிருக்கும் கரண்ட் லைன் கொண்டுவரும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சாயங்கால இடி எப்படி என்று தெரியாதவர்கள் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மினி யூபிஎஸ்ஸின் பேட்டரியில் "இன்னைக்கு இவ்வளவுதான் மக்கா" என்று சொல்லி முடியுங்கள்.

*சேர்த்தது:* "நெட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் திணறுகிறது" என்று பலர் கேட்டார்கள். ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் ஜன்னலைத் திறங்கள். நெட்வொர்க்கால் விடுபட்ட ஃப்ரேம் ஏறினால் பிட்ரேட்டைக் குறையுங்கள். என்கோடிங் லேக் ஏறினால் என்கோடரை மாற்றுங்கள். ரெண்டரிங் லேக் ஏறினால் கேமின் ஃப்ரேமை 60-க்குக் கட்டுப்படுத்தி, ஓபிஎஸ்ஸை ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது ஏறுகிறது என்று பார்க்காமல் நெட் திட்டத்தை உயர்த்தினால் காசுதான் வீண்.

ஒலி, பாட்டு, நேரம்

கண்டென்சர் மைக் வாங்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழும் மழை, ஃபேன், பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். வாய்க்கு அருகில் வரும் சாதாரண ஹெட்செட் மைக்கே மேல். ஓபிஎஸ்ஸில் நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டரைச் சேர்த்து, அதில் ஆர்என்நாய்ஸ் (RNNoise) வைத்தால் ஃபேன் சத்தம் அடங்கும். பேசும்போது மீட்டர் மஞ்சளில் இருக்கட்டும்.

ஆனால் கோயில் கொடையும் சர்ச் பெருவிழாவும் நடக்கும் நாட்களில் ஒலிபெருக்கிப் பாட்டை அந்த ஃபில்டர் முழுதாக அடக்காது. மைக் வழியாக உள்ளே போன சினிமாப் பாட்டுக்கும் காப்பிரைட் க்ளெய்ம் வரும், வருமானம் பாட்டுக்காரருக்குப் போகும். அந்த நாட்களில் புஷ் டு டாக் போட்டு, பேசும்போது மட்டும் மைக்கைத் திறங்கள். ஜிடிஏ போன்ற கேம்களில் காருக்குள் ஓடும் ரேடியோவையும் அணைக்கவேண்டும், அதில் உள்ளதும் உரிமம் உள்ள பாட்டுதான்.

நேரத்துக்கு என் பரிந்துரை இரவு 10 மணி. நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு உண்டா? நமக்கு 10 என்றால் துபாயில் 8.30, குவைத்திலும் கத்தாரிலும் 7.30. வேலை முடிந்து அறைக்கு வந்து சாப்பிடும் நேரம். ஊர்ப் பேச்சைக் கேட்க ஏங்குகிறவர்கள் அவர்கள். சென்னைத் தமிழைப் பழகிப் பேசவேண்டாம். நாகர்கோவில் பேச்சிலேயே பேசுங்கள், அதுதான் உங்களை ஆயிரம் சேனலிலிருந்து பிரித்துக் காட்டும்.

காசு வந்து சேர

ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். அதைப் பதியாமல் நான்கு மாதம் ஓடிவிட்டால் வருமானத்துக்கு முட்டுக்கட்டை. கடிதம் சாதாரணத் தபாலில்தான் வரும், ட்ராக்கிங் கிடையாது. நம் ஊர் முகவரிகளில் "சர்ச் எதிரில்", "குளத்தங்கரை மேற்கு" என்று எழுதி வரிகளை நிரப்பிவிடுகிறோம். தபால் நிலையத்தின் பெயர் விடுபட்டுப்போகிறது. ஒரே பெயரில் நாலு விளை (குடியிருப்புப் பகுதி) இருக்கும் மாவட்டம் இது. வீட்டு எண், விளை, தபால் நிலையம், 629-இல் தொடங்கும் பின்கோடு, இவ்வளவு போதும். போஸ்ட்மேன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடுத்த சிக்கல் இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக, பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து, ஆட்சென்ஸில் செல்லப்பெயர் என்றால் பணம் திரும்பிப்போகலாம். ஆட்சென்ஸில் பாஸ்புக்கில் உள்ளபடியே எழுதுங்கள். பானும் பாஸ்புக்கும் பொருந்தாவிட்டால் முதல் லைவுக்கு முன்பே வங்கியில் திருத்திவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வந்து சேர வங்கியில் ஸ்விஃப்ட் கோடு கேளுங்கள். சிறிய கிளைகளுக்குத் தனியாக இருக்காது, எந்தக் கிளையின் கோடைப் போடவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். 100 டாலர் சேர்ந்தால் அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள் அனுப்புவார்கள். வங்கி ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடித்தால், ஆட்சென்ஸில் வரம்பை 100-க்கு மேல் உயர்த்தி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குங்கள்.

அமெரிக்க வரிப் படிவம் டபிள்யூ-8பென்னைக் கட்டாயம் நிரப்புங்கள். வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்தால், அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பகுதியில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம்.

சூப்பர் சாட் திறக்கும் வரை யூபிஐ க்யூஆர் வைக்கலாம். போன் எண் தெரியாத தனி யூபிஐ ஐடி உருவாக்கி வையுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள்.

கொஞ்சம் பார்வை ஏறியதும் ரம்மி, பந்தய ஆப் விளம்பரத்துக்கு மெயில் வரும். தொகை பெரிதாகத்தான் இருக்கும். தொடாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டப்படி பணவிளையாட்டுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். காசு கட்டி, பரிசுப் பணம் எதிர்பார்த்து ஆடுவதைத்தான் அந்தச் சட்டம் பணவிளையாட்டு என்கிறது. ஆகவே நுழைவுக் கட்டணம் வாங்கிக் கஸ்டம் ரூம் (கேமுக்குள் நாமே ஆள் சேர்த்து நடத்தும் தனி ஆட்டம்) நடத்தும் பக்கமும் போகவேண்டாம். பார்க்க வருகிறவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு.

*சேர்த்தது:* குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்துக்காரர்கள் கேட்டது. உப்புக்காற்றில் லேன் போர்ட்டும் யூஎஸ்பி போர்ட்டும் பச்சை பிடிக்கும், திடீரென்று லைன் விட்டு விட்டு வரும். லைவ் முடிந்ததும் லேப்டாப்பை மூடிய பையில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். லேன் கேபிளின் முனையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், பச்சை தெரிந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் வெட்டிப் புது முனை போடுங்கள்.