ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஜெனரேட்டர் வாங்கும் முன்

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் கரையைக் கடந்தபோது, ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் திரும்பி வர நான்கு நாளானது. இரண்டாம் நாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்தால், தோசை மாவு பொங்கி வழிந்து கீழ்த்தட்டு வரை இறங்கியிருந்தது. மின்வெட்டைப் பார்க்காதவர்களா நாம் என்ற நினைப்போடுதான் எல்லோரும் வருகிறோம். ஆனால் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்க இங்கே வழியில்லை. ஏசியை நம்பிக் கட்டிய வீடுகள் இவை.

கடைக்குப் போகும் முன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரி. இங்கே இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்பது பெட்ரோலில் ஓடும் எஞ்சின். (பெட்ரோலுக்குப் பெயர் கேஸ், குழாயில் வரும் இயற்கை எரிவாயுவும் கேஸ்தான்.) சுமை குறைந்தால் இது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண ஜெனரேட்டரோ ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றியே தீரும். பெரிதாக இருக்கட்டும் என்று 7,500 வாட் ஒன்றை வாங்கியவர்கள், புயலுக்குப் பிறகு பெட்ரோல் வரிசையில் தினமும் நின்றார்கள்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் தொடக்க வாட். தொடர்ந்து கிடைக்கும் வாட் சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டையும்தான். மோட்டார் உள்ள எதுவும் கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃபிரிட்ஜ் 200, படுக்கையறைக்கு ஒரு சிறிய சன்னல் ஏசி 700, விசிறி, விளக்கு, வைஃபை, போன் எல்லாம் சேர்த்து 200. ஓடுவதற்கு 1,100 வாட் போதும். இதில் ஏசி கிளம்பும் நொடியில் இன்னொரு 1,200 தேவைப்படலாம். ஆக 2,300. இதோடு நிறுத்தினால் 3,000 வாட் இயந்திரமே தாராளம். நான் இதையெல்லாம் கணக்கிட்டுவிட்டு மைக்ரோவேவை மறந்துவிட்டேன். ஆயிரம் வாட் மைக்ரோவேவ் உண்மையில் 1,500 வரை இழுக்கும். முதல் நாள் சாம்பாரைச் சூடாக்கப் போய், ஏசி கிளம்பிய நொடியில் எல்லாமே அணைந்தது. அதன்பிறகு சாம்பார் சூடாகும் மூன்று நிமிடமும் ஏசிக்கு ஓய்வு.

வீடு முழுவதற்கும் ஓடும் பெரிய ஏசிதான் வேண்டுமென்றால் கதை வேறு. வெளியே நிற்கும் யூனிட்டின் தகட்டில் எல்ஆர்ஏ என்று ஓர் எண் இருக்கும், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் ஆம்பியர் அது. அதை 240 வோல்ட்டால் பெருக்குங்கள். 80 என்றிருந்தால் 19,000 வாட்டைத் தாண்டும், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு. சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு கருவியைப் பொருத்தினால் இந்த உதைப்பு பாதிக்கும் மேல் குறையும். ஜெனரேட்டர் விற்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஜெனரேட்டரை எரிவாயுக் குழாயில் இணைத்து நிரந்தரமாக நிறுவுவது சொந்த வீட்டில் நெடுநாள் இருக்கப்போகிறவர்களுக்குச் சரி. வந்த முதல் ஆண்டில் அவ்வளவு பணத்தை அதில் போடாதீர்கள் என்பேன்.

இரு பக்கமும் பிளக் உள்ள ஒயரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் வித்தையை யாராவது காட்டுவார்கள். செய்யவே செய்யாதீர்கள். அந்த மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறி, பழுது பார்ப்பவரைக் கொன்றுவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து இன்டர்லாக் போடச் சொல்லுங்கள், தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வீட்டோடு இணையாமல் தடுக்கும் பூட்டு அது. இயந்திரம் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்தபடி நிற்கட்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளே ஓட்டுவதும் ஆபத்துதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

அபார்ட்மெண்டில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பால்கனியில் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது. 1,000 வாட் மணி அளவுள்ள பேட்டரிப் பெட்டி ஒன்று, விசிறியையும் போன்களையும் ஓரிரவு தாங்கும். மாவை மட்டும் புயலுக்கு முன்பே சுட்டுத் தின்றுவிடுங்கள்.