முற்றிய தேயிலையும் ஒரு வடிதாளும்: நிறமிகளைப் பிரிக்கும் செய்முறை

கோத்தகிரியில் எங்கள் வேலியை ஒட்டியே தேயிலைத் தோட்டம் இருப்பதால், தாள் வண்ணப்பிரிகையை, அதாவது கலந்திருக்கும் நிறமிகளை வடிதாளில் பிரிக்கும் முறையைப் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் தேயிலையைக் கொண்டே சொல்லிக்கொடுக்கிறேன். கொழுந்தில் பச்சையம் குறைவு. செடியின் அடியிலிருக்கும் கரும்பச்சை இலையைப் பறித்துக்கொள்ளுங்கள்.

வடிதாளின் நார்களுக்கு நடுவே நுண்புழைகள் உள்ளன. அவற்றின் வழியே தானாக மேலேறும் கரைப்பான் நிறமிகளைத் தன்னோடு கொண்டுபோகப் பார்க்கும். தாளின் செல்லுலோஸோ அவற்றைப் பிடித்துவைக்கப் பார்க்கும். இந்த இழுபறி நிறமிக்கு நிறமி மாறுபடுவதால்தான் அவை தனித்தனியே பிரிகின்றன. இதே இலை நிறமிகளைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் பிரித்த ருஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட், 1906இல் இம்முறைக்குப் பெயரும் சூட்டினார்.

முதலில் 2 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளத்தில் வடிதாளை வெட்டுங்கள். பனிமூட்ட நாளில் தாள் ஈரத்தை உறிஞ்சியிருக்கும் என்பதால், மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்து, ஆறவிடுங்கள். அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நான் முதன்முறை பேனாவால் போட்டு, மையும் சேர்ந்து ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோட்டின்மேல் இலையை வைத்து, நாணயத்தின் விளிம்பை அழுத்தி உருட்டுங்கள். இலையின் புதுப்புது இடங்களை வைத்து, ஒவ்வொரு முறையும் கோடு காய்ந்தபின் ஏழெட்டு முறை உருட்டினால் அடர்ந்த பச்சைக் கோடு கிடைக்கும். தாமதித்தால் அது பழுப்பாகத் தொடங்கும். தொழிற்சாலையில் நசுக்கிய இலை காற்றுப்பட்டு நிறம் மாறுவதும் இதேபோல்தான்.

9 மி.லி. பெட்ரோலிய ஈதரோடு 1 மி.லி. அசிட்டோனைக் கலந்து, உயரமான ஒடுங்கிய ஜாடியில் 1 செ.மீ. ஆழத்துக்கு ஊற்றி மூடிவையுங்கள். இரண்டும் சட்டென்று தீப்பற்றுபவை. குளிருக்காகக் கணப்பு மூட்டிய அறையில் இதைச் செய்யவே கூடாது. சன்னலைத் திறந்துவைத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள்.

பத்து நிமிடம் கழித்து, கோடு கரைப்பானில் மூழ்காமலும் தாள் சுவரைத் தொடாமலும் தொங்கவிட்டு, மீண்டும் மூடுங்கள். கரைப்பான் மேல்விளிம்புக்கு 1 செ.மீ. கீழே வந்ததும் வெளியே எடுத்து, அது எட்டிய இடத்தை உடனே பென்சிலால் குறியுங்கள்; நொடிகளில் ஆவியாகிவிடும்.

உச்சியில் கரோட்டினின் ஆரஞ்சு மஞ்சள், அடுத்துச் சாந்தோஃபில் மஞ்சள், அதன்கீழ் 'ஏ' வகைப் பச்சையத்தின் நீலப்பச்சை, பிறகு 'பீ' வகைப் பச்சையத்தின் மஞ்சள்பச்சை என்று பட்டைகள் தெரியும். பழுப்பு மட்டும் கோட்டிலேயே தங்கிவிடும். கரைப்பான் 9 செ.மீ. ஏறும்போது கரோட்டின் 8.5 செ.மீ. ஏறியிருந்தால் அதன் விகிதம், அதாவது நிறமி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தது, 0.94. வெளிச்சத்தில் பட்டைகள் மங்கும் என்பதால் அன்றே அளந்துவிடுங்கள்.