மாடு பால் தரும்: இங்கிலீஷில் ஒருமையா, பன்மையா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தபோது, வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய மெயிலில் 'தி காட்டன் டீ-ஷர்ட்ஸ் ஷ்ரிங்க் இன் ஹாட் வாட்டர்' என்று எழுதிவிட்டேன். பருத்தி சுடுதண்ணீரில் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. அவரோ கிளம்பத் தயாராக இருந்த எங்கள் சரக்கைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, ஷிப்மென்டை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்.

எல்லாம் அந்த 'தி' செய்த வேலை. பன்மைக்கு முன்னால் 'தி' வந்தால் பெரும்பாலும் 'நமக்குத் தெரிந்த இந்தச் சில' என்றுதான் அர்த்தம். உலகத்தில் உள்ள எல்லா டீ-ஷர்ட்டுக்கும் பொதுவாகச் சொல்ல, 'தி' இல்லாமல் 'காட்டன் டீ-ஷர்ட்ஸ் ஷ்ரிங்க்' என்றால் போதும்.

இன்னொரு தவறு 'கவ் கிவ்ஸ் மில்க்'. இது ஏன் நமக்குத் தப்பாகவே தெரிவதில்லை என்றால், 'காங்கேயம் மாடு வெயில் தாங்கும்' என்று சொல்லும்போது நாம் ஒரு மாட்டையா சொல்கிறோம்? தமிழில் அஃறிணைக்கு 'கள்' கட்டாயமில்லை, 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டுமே சரி, பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் அப்படித் தனியாக நிற்காது. 'கவ்ஸ் கிவ் மில்க்' என்று சொல்லுங்கள், இல்லையென்றால் 'எ கவ் கிவ்ஸ் மில்க்'. பெயருக்கு 'ஸ்' போட்டால் வினையில் இருக்கும் 'ஸ்' போய்விடும், அதையும் கவனியுங்கள்.

அதற்காக 'எ' எல்லா இடத்திலும் செல்லாது. ஆனைமலைப் புலிகளைப் பற்றி எழுதும்போது 'எ டைகர் இஸ் என்டேஞ்சர்ட்' என்றால் ஏதோ ஒரு புலிக்கு ஆபத்து என்று ஆகிவிடும். இனம் முழுவதையும் சொல்ல 'டைகர்ஸ் ஆர்', இல்லாவிட்டால் கட்டுரை நடையில் 'தி டைகர் இஸ்'.

அப்புறம், நாய் பிடிக்கும் என்பதை தயவுசெய்து 'ஐ லைக் டாக்' என்று எழுதாதீர்கள், கேட்பவருக்கு நாய்க்கறி பிடிக்கும் என்று படும். 'டாக்ஸ்' என்று எழுதுங்கள்.

எண்ண முடியாதவற்றுக்கு 'எ'யும் வேண்டாம், 'ஸ்'ஸும் வேண்டாம். மஞ்சள் பட்டால் துணியில் கறை பிடிக்கும் என்பதற்கு 'டர்மரிக் ஸ்டெயின்ஸ் க்ளோத்ஸ்', அவ்வளவே. ஈரோட்டு மண்டியிலிருந்து எழுதும்போது 'தி டர்மரிக்' என்று போட்டால், வாங்குபவர் நீங்கள் அனுப்பிய மூட்டையைத்தான் நினைப்பார்.