பி.காம். படிப்பதா, பி.பி.ஏ. படிப்பதா: கடலூர், புதுச்சேரி மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

பிளஸ் டூ முடிவு வந்தவுடன் கடலூர் வீடுகளில் பேச்சு கல்லூரியின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. பாடத்திட்டத்திலிருந்து தொடங்குவதே நல்லது. நீங்கள் விரும்பும் ஒவ்வொரு படிப்பின் ஆறு பருவப் பாடப்பட்டியலையும் கல்லூரி இணையதளத்திலிருந்து அச்செடுத்து, அருகருகே தரையில் விரித்து வைத்து, கணக்குப் பாடங்களைச் சிவப்பு மையிலும் மேலாண்மைப் பாடங்களை நீல மையிலும் கோடிட்டுப் பாருங்கள். பி.காம். தாளில் நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வருமான வரி, தணிக்கை என்று சிவப்பு நிறைந்திருக்கும். வணிக நிர்வாகப் படிப்பான பி.பி.ஏ. தாளில் சந்தையியல், மனிதவள மேலாண்மை, நிறுவன நடத்தை என நீலமே மிகுந்திருக்கும். எந்த நிறத்தைப் பார்க்கும்போது உங்களுக்குப் படிக்கத் தோன்றுகிறது என்பதை வேறு யாரும் உங்களுக்காகச் சொல்லிவிட முடியாது.

அடைப்புக்குறிக்குள் வரும் சுருக்கெழுத்துகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பி.காம். சி.ஏ. என்றால் கணினிப் பயன்பாடுகளோடு சேர்ந்த வணிகவியல். அது பட்டயக் கணக்காளர் (ஆடிட்டர்) படிப்பு அன்று. சென்ற ஆண்டு திருப்பாதிரிப்புலியூரிலிருந்து என்னிடம் ஆலோசனை கேட்க மகளுடன் வந்த ஒரு தந்தை, மூன்றே ஆண்டில் மகள் ஆடிட்டர் ஆகிவிடுவாள் என்ற நம்பிக்கையோடு அந்தப் படிப்பைத் தேர்ந்திருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்வதற்கு எனக்கு மனம் வலித்தது. அதுபோலவே பி.காம். சி.எஸ். என்பது நிறுமச் செயலரியல் பட்டம். கம்பெனி செக்ரட்டரி ஆவதற்குத் தனித் தேர்வுகள் உள்ளன. பட்டயக் கணக்காளர் ஆவதே நோக்கம் என்றால், பிளஸ் டூவுக்குப் பின் ஃபவுண்டேஷன் என்ற முதல்நிலைத் தேர்வு எழுதி, அடுத்த நிலையான இன்டர்மீடியட் செல்லலாம். அல்லது பட்டம் முடித்து, வணிகப் பட்டதாரியானால் 55 விழுக்காடும் மற்றப் பட்டதாரியானால் 60 விழுக்காடும் பெற்று நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம்.

தகுதியைப் பொறுத்தவரை, பி.காம். பிரிவில் பிளஸ் டூவில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவர்களுக்கே பெரும்பாலும் முன்னுரிமை. பி.பி.ஏ. படிப்பில் இந்தக் கட்டுப்பாடு பொதுவாகத் தளர்வானது. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) வரம்புக்குள் வந்துவிட்டதால், தனியார் கல்லூரியில் சேருமுன் அந்த ஒப்புதல் உள்ளதா என்று கேளுங்கள். பி.காம். படிப்புக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை.

தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி போன்ற தமிழக அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம் போதும். தரவரிசையை மொத்தம் 600 மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிடுவதில்லை; மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்தே கணக்கிடுகிறார்கள். வணிகவியல் 82, கணக்குப்பதிவியல் 91, பொருளியல் 78, கணினிப் பயன்பாடு 85 என்றால் உங்கள் எண் 336. தமிழில் 98 வாங்கியிருந்தாலும் பி.காம். தரவரிசையில் அது சேராது. முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் மதிப்பெண்ணை உங்கள் இனப்பிரிவுக்குரிய வரிசையில் பாருங்கள். உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன; இறுதி நாள்களும் வேறுபடும்.

புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்கு, அந்த அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே எல்லைக்கோடு உண்மையாகவே குறுக்கே நிற்கிறது. பாகூர் மாணவருக்குக் கடலூர் பக்கத்து ஊர். ஆனாலும் அவருடைய இருப்பிடச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் புதுச்சேரி அரசு தந்தவை. இரு அரசுகளின் இடஒதுக்கீட்டுப் பட்டியல்களும் வேறுவேறு என்பதால், ஒரு பக்கத்தில் கிடைக்கும் ஒதுக்கீட்டை மறுபக்கத்திலும் அப்படியே எதிர்பார்த்துவிடக் கூடாது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அதன் வளாகத்தில் நடக்கும் பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்புகளுக்குக் கியூட் நுழைவுத்தேர்வு தேவைப்படும் என்பதால், அந்த எண்ணம் இருப்பவர் பொதுத்தேர்வு முடிவு வருமுன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

செலவைப் பார்க்கும்போது கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடாதீர்கள். பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் எல்லாவற்றையும் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எழுதுங்கள். தமிழக அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. எல்லை தாண்டிச் சேர நினைப்பவர், அங்கே சேர்ந்தாலும் அது தொடருமா என்று முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சான்றிதழ்களை ஏப்ரலிலேயே எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன திருப்பாதிரிப்புலியூர் மாணவியின் மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து பெயருக்கு முன்னும், ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னும் இருந்தன; சாதிச் சான்றிதழிலோ தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இ-சேவை மையத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, வருவாய்த் துறையின் பதிலுக்காக அவர்கள் காத்திருந்த நாள்களுக்குள் முதல் கலந்தாய்வு முடிந்துவிட்டது.